ஏழாம் இணைப்பு

இன்று காலை பால் வாங்கிக்கொண்டு பசுமலைக் கல்லூரி மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். விளையாட்டு விழாவுக்காக ஓட்டப்பாதைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புப் பொடி நிரப்பிய சின்ன வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு போக, அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோடு நீண்டுகொண்டே வந்தது. காற்று என் பக்கம் திரும்பி அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கோடு போடுகிறவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, யாரத் தேடுறீக?" என்று கேட்டார். உன்னைத்தான் என்று அவரிடம் சொல்ல முடியுமா? "சும்மா பாக்குறேன்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பாலைக்கூடக் காய்ச்சாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த நமக்குள் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ போன ஐப்பசியில் போனாய், எழுத இப்போதுதான் கை வருகிறது. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். துறைமுக விண்ணப்பத்திலிருந்து ஏழாம் இணைப்பை எடுத்தது நான்தான். உனக்கு அது தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. ரெஜினாக்கா வீட்டுப் படகுக்கு வழி கேட்டு நீ எழுதிய பக்கம் அது.

நம் ஆபீஸை இப்போது நினைத்தால் எல்லாம் புகைமூட்டத்துக்குள் நடந்த மாதிரி இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாம். ஊராட்சிக்குக் குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, ஆஸ்பத்திரிக்குத் தீயணைப்புக் கருவி என்று ஊரில் யாருக்கு எந்த மானியம் வேண்டுமென்றாலும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். நான் விதிமுறைகளை அடிக்கோடிட்டுப் படிப்பேன். நீ ஜன்னலைப் பார்ப்பாய். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு வரி சொல்வாய், நான் பத்துப் பக்கம் படித்தும் பிடிபடாதது அந்த ஒரு வரியில் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். யோசனை முற்றினால் உங்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சில் உனக்கு நீயே முணுமுணுப்பாய். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி மகளுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. என்னைத்தான் திட்டுகிறாய் என்று நினைத்துக்கொள்வேன். கேட்டால், "ஆமாடி, வேற யாரு இருக்கா திட்ட?" என்பாய்.

கல்லுப்பட்டி சார் ஒரு மத்தியானம் படியேறி வந்தார். ஊர் டி. கல்லுப்பட்டி, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, தெற்கே அந்தப் பெரிய துறைமுகத்தில் பாதுகாப்புப் பிரிவு அதிகாரியாக இருந்தார். துறைமுகங்களின் பாதுகாப்பைக் கூட்ட மானியம் தருகிறார்கள், இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் திரும்பிவிட்டது என்றார்.

"மெயின் கேட்டுல தடுப்புக் கம்பு இருக்கு மேடம். கயித்தக் கட்டித்தான் இழுக்குறோம். கேமரா இருக்கு, பாதி குருடு. லாரி எது உள்ள வருது, எது வெளிய போகுதுன்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கோம். இந்தத் தடவையும் திரும்புச்சுன்னா அம்புட்டுத்தான்."

"சார், நாங்க கடலையே டூர் போகையிலதான் பாத்துருக்கோம்" என்றாய் நீ.

"எழுதத் தெரிஞ்சாப் போதும். கடல நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

அப்படித்தான் கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்து ஒரு துறைமுகத்தைக் கட்ட ஆரம்பித்தோம். அவர் விட்டுப்போன வரைபடம் மேசைக்கு அடங்காமல் இரண்டு பக்கமும் தொங்கியது. கப்பல் நிற்கும் தளத்தில் டீ டம்ளரை வைத்துவிட்டு, "கப்பல் வந்துருச்சு" என்பாய். வரைபடத்தில் கறை படியும் என்று நான் கத்துவேன். சாயங்காலமானால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாய். வெக்கை தணிந்து, சமவெளி முழுக்க மங்கலான ஒரு நீலம் இறங்கியிருக்கும். தூரத்தில் ரோட்டில் போகும் வண்டிகளின் இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்கும். "கண்ண மூடிக் கேளுடி, அலை மாதிரியே இல்ல?" என்பாய். ஒருநாள் மலைக்குப் பின்னால் கையைக் காட்டி, "அங்க பாரு, ஒரு கப்பல் நிக்குது. நமக்காகத்தான் நிக்குது. விண்ணப்பம் போட்டாத்தான் போகுமாம்" என்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். உண்மையிலேயே பார்த்தேன். அதற்காக நீ ஒரு வாரம் என்னைக் கேலி செய்தாய்.

இப்போதும் எனக்கு அந்தக் கனவு வருகிறது. பசுமலை அடிவாரம் வரைக்கும் தண்ணீர் வந்திருக்கிறது, சத்தமே இல்லாத தண்ணீர். ஜெராக்ஸ் கடைக்கு எதிரே, நாம் பஸ் ஏறும் இடத்தில், ஒரு பெரிய கப்பல் நிற்கிறது. யாரும் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. நீ சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து போய்க் கப்பலின் பக்கவாட்டைத் தட்டிப் பார்க்கிறாய். நான் கரையில் நின்று, செருப்பு நனைகிறதே என்று சொல்கிறேன். கனவிலும் நான் அப்படித்தான்.

காகிதத்தில் பார்த்தால் பிடிபடவில்லை, நடந்து பார்க்கவேண்டும் என்று நீதான் சொன்னாய். என் அண்ணன் ஊரில் கண்மாய் வற்றிக் கிடந்தது. கபடிக் களத்துக்கு வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியில் இரண்டு மூட்டையை அண்ணன் கொடுத்தார். "கண்மாய்க்குள்ள கப்பல் விடப் போறீகளாக்கும்" என்று கேட்டதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. பொழுது விடிந்ததும் போய்விட்டோம். பத்து மீட்டருக்கு உன் காலடி ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டு வெடித்த களிமண்ணில் மொத்தத் துறைமுகத்தையும் வரைந்தோம். சரக்கு அடுக்கும் கிட்டங்கிகள், எடைமேடை, ரயில் பாதை, கப்பல் தளம். உன் குடைதான் கலங்கரை விளக்கம். நம் நான்கு செருப்பும் நான்கு கப்பல்கள்.

வெறுங்காலோடு நின்றோம். நீ ஓர் இடத்தில் கேமராக் கம்பமாக நிற்பாய். நான் திருடனாக நடந்து வருவேன். நான் உன் பார்வையில் பட்டதும் நீ கையைத் தூக்க வேண்டும், படாத இடத்தில் இன்னொரு கம்பம். இப்படியே மூன்று காலை. தூரத்தில் கானல் நெளிந்து கண்மாய் நிறையத் தண்ணீர் கிடப்பது மாதிரி தெரியும். உன் குடை அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். நமக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அந்த மூன்று காலையும் போல நான் விளையாடியதே இல்லை.

மதுரைக்காரர்களுக்குக் கூட்டம் எப்படி வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு எங்கே தடுப்பு வைப்பார்கள், எந்த வீதியில் விட்டு எந்த வீதியில் திருப்புவார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் வடக்கு, மேற்கு, தெற்கு என மூன்று வாசலையும் அருமையாகப் போட்டோம். உள்ளே வரும் லாரிக்கு ஒரு வரிசை, வெளியே போவதற்கு ஒரு வரிசை, கூலிக்காரர்களுக்குத் தனி வழி, அடையாள அட்டை, விளக்கு எல்லாம் வைத்தாயிற்று. மூன்றாம் நாள் காலை வேலை முடிந்தது என்று நான் சாக்கை உதறினேன்.

அப்போதுதான் ஆடுகள் வந்தன. கிழக்குப் பக்கம் கண்மாய்க் கரை. சூரியன் அதற்கு மேலே நின்றது. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு மந்தை கரையேறி, அப்படியே சரிவில் இறங்கி, கப்பல் தளத்தை மிதித்துக்கொண்டு கிட்டங்கிகளுக்கு நடுவே போனது. கோடெல்லாம் அழிந்தது. ஆட்டுக்காரர் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, "வேலி கீலி எதுவும் இல்லையேத்தா, அதான் விட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாய். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"செல்வி, கெழக்க எதுடி?"

"கண்மாய்க் கரை."

"நம்ம படத்துல?"

படத்தில் கிழக்கே கடல். நாம் மூன்று நாளாகக் கரையைச் சுவராக நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை. கேமராக் கம்பமாக நின்ற நீ ஒரு தடவைகூடக் கிழக்கே பார்க்கவில்லை. திருடனாக வந்த நான் அந்தப் பக்கமிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. துறைமுகத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் போட்டவர்கள் கடலை மறந்துவிட்டோம். வெளியே யாரிடம் சொன்னாலும் மானம் போகும். "கடல் வழியா வந்துட்டாகடி" என்று நீ ஆடுகளைப் பார்த்துச் சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாளே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போனோம். கல்லுப்பட்டி சார் கடல் பக்கத்தைக் காட்டினார். கப்பல் தளத்துக்கு முன்னால் மிதவைகளைச் சங்கிலியால் கோத்து ஒரு தடுப்புப் போட வேண்டும், அனுமதி இல்லாத எதுவும் தளத்தை நெருங்கக் கூடாது என்றார். சரியாகத்தான் இருந்தது. நான் எழுதிக்கொண்டேன். நீ வழக்கம்போல வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய். துறைமுகத்தின் வடக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன மீனவர் ஊர் இருந்தது. அங்கிருந்து கிளம்பிய படகுகள் துறைமுகத் தண்ணீரின் ஒரு மூலையைக் குறுக்கே வெட்டிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. நீ யாரிடமும் சொல்லாமல் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தாய்.

ரெஜினாக்காவை அப்போதுதான் பார்த்தோம். மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நாம் எதற்கு வந்திருக்கிறோம் என்று நீயே சொன்னாய். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அந்த மூலையைக் காட்டினார்.

"இத அடைச்சா எங்க படகு அந்தக் கல்லுச் சுவரச் சுத்தித்தான் போவணும். மத்த நாளு போயிரலாம். ஆடியில கச்சான் காத்து அடிக்கையில அங்கன சுத்துனா படகக் கல்லுல கொண்டுபோய் அறையும். எங்க வீட்டுல தெனமும் போறாவ. நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் நீளமாக, கருப்பாகக் கிடந்தது. அதன் முனையில் தண்ணீர் வெள்ளையாக எழும்பி விழுந்தது. அது ஆடிகூட இல்லை. பஸ்ஸில் திரும்பினோம். அருப்புக்கோட்டை தாண்டியதும், "வழி வைக்கணும் செல்வி" என்றாய்.

அதுதான் ஏழாம் இணைப்பு. தடுப்பின் வடக்கு மூலையில் ஆழமில்லாத இடத்தில் ஓர் இடைவெளி. அதற்கு மேல் விளக்கு, பக்கத்திலேயே காவல் கூண்டு. ஊர்ப் படகுகளுக்குத் தூரத்திலிருந்தே படிக்கும் அளவுக்குப் பெரிய எண். போகும் படகும் வரும் படகும் கூண்டில் பதிவாகும். ஒன்றரைப் பக்கம்தான். நீ எழுதியவற்றிலேயே அதுதான் நன்றாக இருந்தது. அதை அப்போது உன்னிடம் நான் சொல்லவில்லை.

விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்ற வேண்டிய கடைசி நாள் மத்தியானம் உன் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. "எல்லாம் வரிசையா இருக்கு, ஏத்தி விட்ரு. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு நீ படியிறங்கினாய். கொஞ்ச நேரத்தில் கல்லுப்பட்டி சார் போன் செய்தார். கடைசியாக ஒருதரம் படித்தாராம்.

"மேடம், தடுப்புன்னா தடுப்புத்தான். நாமளே ஓட்டைய வச்சு நாமளே எழுதிக் குடுத்தா எவன் மார்க் போடுவான்? முடிவு உங்களுதுதான். எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயம்தான். மூன்றாவது முறையும் திரும்பிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது, பசுமலையில் இரண்டு பெண்கள் எழுதியதால்தான் போயிற்று என்று பேசுவார்களே என்றெல்லாம் தோன்றியது. உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்தால் நீ வேண்டாம் என்பாய், அதனால்தான் செய்யவில்லை. வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மானியம் வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொருளடக்கத்தில் கடைசி வரியை அழித்தேன். ஆறு இணைப்புகளை மட்டும் ஏற்றினேன். கை நடுங்கவில்லை, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நீ திரும்பி வந்து "போயிருச்சா?" என்றாய். "போயிருச்சு" என்றேன். அம்மாவின் கண்ணுக்கு என்ன சொன்னார்கள் என்று விசாரித்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வுக் குழு நம்மோடு பேச வேண்டும் என்று தகவல் வந்தது. நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் மூன்று முகங்கள். நீ நடுவில் உட்கார்ந்தாய், நானும் கல்லுப்பட்டி சாரும் இரண்டு பக்கமும். கேள்விகள் நன்றாகத்தான் போயின. கடைசியில், நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்த ஓர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: கடல் பக்கம் முழுவதையும் அடைக்கிறீர்கள், வரைபடத்தில் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறதே, அவர்கள் எப்படிப் போவார்கள்?

உன் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாய். "ஏழாம் இணைப்பில் எழுதியிருக்கிறோம்" என்றாய்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். "ஆறுதான் இருக்கிறது. பொருளடக்கத்திலும் ஆறுதான்" என்றார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரே ஒரு தடவைதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இப்படி வருடக்கணக்காகச் சுமந்துகொண்டு திரியமாட்டேன். ஏதோ தெரிந்த கணக்குக்கு விடை பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, திரைப்பக்கம் திரும்பி, "விட்டுப்போய்விட்டது அம்மா. என் தவறு. நான்தான் கடைசியில் சரிபார்த்தேன். மன்னித்தால் இப்போதே அனுப்புகிறேன்" என்றாய். கல்லுப்பட்டி சார் தலையைக் குனிந்துகொண்டார். அனுமதித்தார்கள். நீயே அனுப்பினாய்.

அந்தப் பக்கத்தால்தான் மானியம் கிடைத்ததா, அது இல்லாமலும் கிடைத்திருக்குமா, தெரியாது. ஒப்புதல் கடிதத்தில், படகு வழியை இணைப்பில் உள்ளபடியே அமைக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. கல்லுப்பட்டி சார் போனிலேயே அழுதுவிட்டார். நீ பால்பன் வாங்கி வந்து ஜெராக்ஸ் கடைக்காரர்கள் வரைக்கும் கொடுத்தாய். எனக்குக் கொடுக்கும்போதும் மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவேதான் கொடுத்தாய்.

நீ கேட்பாய், கேட்பாய் என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன். கேட்டிருந்தால் அழுது, சண்டைபோட்டு, ஒரு மாதம் பேசாமலிருந்து, முடித்திருக்கலாம். நீ என்ன செய்தாய் தெரியுமா? அடுத்து ஒரு விண்ணப்பம் வந்தது, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். எல்லாவற்றையும் அடுக்கி என் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே ஏத்திருடி, நான் பூ வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பினாய். அதற்குப் பிறகு கடைசிவரைக்கும் எல்லாவற்றையும் நான்தான் ஏற்றினேன். ஒரு தடவைகூட நீ திரும்பச் சரிபார்க்கவில்லை. அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்வதா, நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதா என்று மூன்று வருடம் யோசித்தேன். கேட்டுவிடலாம் என்று ஐந்தாறு தடவை வாயெடுத்தேன். அப்போதெல்லாம் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் ஒரு காலை உன் மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றான். இனி யாரிடம் கேட்பது? உன்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. என்னைத் திட்டாமலேயே போய்விட்டாயே என்று கோபம்.

தை மாதம் துறைமுகத்தில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று கல்லுப்பட்டி சார் அழைத்தார். தனியாகப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைக் காலியாகவே விட்டுவைத்திருந்தேன், அருப்புக்கோட்டையில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் தடுப்புக் கம்பு தானாகவே ஏறி இறங்கியது. லாரி எண்ணைக் கேமரா படித்தது. கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரைகள், நாம் களிமண்ணில் நடந்து குறித்த கம்பங்கள் ஒவ்வொன்றும் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. நீ கேமராவாக நின்ற இடங்கள் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அந்த வேகாத வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாயே. சார் டீ வாங்கி வரச் சொன்னார். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு வடக்குப் பக்கம் நடந்தேன்.

ரெஜினாக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னொருத்தி வரலியா?" என்றார். சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் படகை இறக்கிக்கொண்டிருந்தார். வழியைப் பார்க்கணுமா, ஏறுங்க என்றார். தண்ணீருக்குப் பயந்த நான் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. நீயாக இருந்தால் முதலில் ஏறியிருப்பாய்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. கப்பல்கள் அசையாமல் நின்றன, என் கனவில் நிற்பது போலவே. மிதவைகள் வரிசையாக மினுங்கிக்கொண்டிருந்தன. வடக்கு மூலையில் அந்த வரிசை நின்று, ஒரு படகு அளவுக்குத் தண்ணீர் திறந்திருந்தது. மேலே விளக்கு. கூண்டிலிருந்த காவலர் படகின் எண்ணைப் படித்துவிட்டுக் கையைக் காட்டினார்.

இன்ஜின் சத்தத்துக்கு மேலே ரெஜினாக்கா என் காதருகே பேசினார்.

"கடுதாசி வந்த அன்னைக்கே ஒங்க கூட்டாளி போன் போட்டாவ. வழி வந்துருச்சுக்கான்னாவ. நீங்க நல்லாயிருக்கணும் தாயின்னேன். அதுக்கு அவுங்க, எனக்குச் சொல்லாதீங்க, செல்விதான் இத விடவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னா, அவளுக்குச் சொல்லுங்கன்னாவ. இன்னைக்குத்தான் ஒங்களப் பாக்கேன். நல்லாயிருங்க தாயி."

படகு இடைவெளிக்குள் நுழைந்தது. நான் மரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லக்கா. நான் அந்தப் பக்கத்த எடுத்துட்டேன். அவதான் திரும்ப வச்சா."

"என்னது?"

அவருக்குக் கேட்கவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். அவர் வீட்டுக்காரர் இன்ஜினைக் குறைத்தார். சுற்றிலும் சத்தம் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் நான் மறுபடியும் முழுதாகச் சொன்னேன். போன் வந்ததை, அழித்ததை, ஏற்றியதை, உன்னிடம் போயிருச்சு என்று சொன்னதை. சொல்லச் சொல்ல அழுகையாக வந்தது.

ரெஜினாக்கா என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"பெறவு ஏன் அவுங்க அப்படிச் சொன்னாவ?"

படகைக் கரைக்குத் திருப்பினார்கள்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நீ பொய் சொல்கிற ஆள் இல்லை. இருபது வருடத்தில் ஒரு விண்ணப்பத்தில்கூட இல்லாததை இருக்கிறது என்று எழுத விட்டதில்லை. அப்படிப்பட்டவள் எனக்காக இரண்டு பொய் சொல்லியிருக்கிறாய், ஒன்று என் கண் முன்னால், ஒன்று எனக்குத் தெரியாமல். அந்த இரண்டாவது பொய்யில் ஒரு செல்வி இருக்கிறாள். அவளுக்குப் பயமே கிடையாது. ஒரு படகுக்காக ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

அன்றிலிருந்து யாருக்காவது எழுத உட்காரும்போதெல்லாம் அவளாக இருக்கத்தான் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.